சடக்கு வெட்டும் இடத்தில் சிட்டம் தேடுவது எப்படி?

கெடா மாநிலத்து பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் புதுச் சடக்கு (சாலை) இழுத்தால், மண்வாரி இயந்திரத்துக்கு அருகில் ஒரு தொல்லியலாளரும் நிற்க வேண்டும். சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009இல் அகழத் தொடங்கிய பழைய இரும்பு உலைக்களங்கள், செம்பனை நிரைகளுக்கு அடியில்தான் கிடந்தன. அவற்றைக் காட்டிக்கொடுப்பது சிட்டம், அதாவது இரும்பு உருக்கியபோது கழிந்த கசடு.

முதல் சண்டை வாளியைப் பற்றியே வரும். பல் வைத்த வாளி மண்ணைக் கிளறிவிடும். பழைய தடயத்தைக் காட்டும் நிற மாற்றம் தெரியாது. பல்லில்லாத அகல வாளியால் ஒரு முறைக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் மட்டும் சீவ வேண்டும். இயந்திரம் பின்வாங்கியபடி வேலை செய்யும். முன்னேறினால் சீவிய தரையைத் தானே மிதித்துக் குழப்பிவிடும். பார்ப்பவர் வாளி சுழலும் வட்டத்துக்கு வெளியே, ஓட்டுநர் கண்ணில் படும்படி நிற்பார். ஒருவருக்கு ஓர் இயந்திரம்தான்.

இங்கே ஆளை ஏமாற்றுவது செம்புறாங்கல். பழைய உலையின் இரும்புச் சிட்டமும் அதுவும் தூரத்தில் ஒன்றுபோலவே இருக்கும். உடைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். செம்புறாங்கல்லின் உள்ளே துருச்சிவப்பும் மஞ்சளும் மண்ணுமாக இருக்கும். சிட்டத்தின் உட்புறம் கறுத்து, குமிழித் துளைகளோடு இருக்கும். மேற்பரப்பு வெல்லப்பாகு வழிந்து உறைந்ததுபோல மடிந்திருக்கும். காந்தத்தை நம்ப வேண்டாம், இரண்டுமே லேசாக ஒட்டக்கூடும். ஒற்றைச் சிட்டத்துண்டு எங்கிருந்தோ உருண்டு வந்திருக்கலாம். அதோடு கரி, சுட்டுச் சிவந்த களிமண், துருத்தியின் ஊதுகுழல் துண்டு ஆகியவையும் சேர்ந்து வந்தால் வேலையை நிறுத்தத்தான் வேண்டும்.

தோட்டமே போட்டுவைத்த பொய்த்தடயங்களும் உண்டு. வட்டமான கறுப்புக் கறைகள் 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் வரிசையாக வந்தால் அவை பெரும்பாலும் செம்பனை நட்ட குழிகள். ரப்பர் மரத் தூர்களை எரித்த கரி, வேர் போன வழியே கிளைபிரிந்து இறங்கும். மெருகிட்ட பாண்ட ஓடு கண்ணில் பட்டதும் துள்ள வேண்டாம். ரப்பர் பால் பிடித்த பழைய மங்காக இருக்கலாம்.

வெயிலில் காய்ந்த செம்மண் முழுக்க ஒரே நிறமாகிவிடும். சுரண்டிச் சுத்தம் செய்து, லேசாகத் தண்ணீர் தெளித்தால் கறை எழும். கனமழை பெய்தால் அந்த நாள் போனதுதான்.

தடயம் உறுதியானால் கயிறு கட்டி, அளவுகோல் வைத்துப் படமெடுத்து, ஆயமும் (இடத்தின் ஆயத்தொலைவு) மட்டமும் (உயர அளவு) குறித்து, வெட்டுமுகத்தை 1:10 அளவில் வரைவார்கள். காலக்கணிப்புக்கான கரியைக் கையால் தொடாமல் அலுமினியத் தாளில் மடிப்பார்கள். தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இன்படி மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். சட்டம் இருந்தும், புஜாங் பள்ளத்தாக்கில் எண் போட்டுப் பதிவான 11ஆம் சண்டி (பழங்காலக் கோயில் எச்சம்) இடிக்கப்பட்ட செய்தி 2013இல் வெளிவந்தது. தெரிந்ததற்கே அந்தக் கதி.

பெரும்பாலும் தவறுவது நடுச்சடக்கில் அல்ல. வடிகால் வெட்டுவதும், நிரப்புமண் எடுப்பதும், லாரிக்குத் தற்காலிக வழி போடுவதும் வேறு குத்தகை, வேறு நாள். அன்றைக்குப் பார்க்க ஆள் இருக்காது.