பிச்சாவரம்: தண்ணீருக்கு வழிவிட்ட பிறகு வந்த காடு

கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடு (மாங்குரோவ்) அழிந்தால், அதை மீட்க பலருக்கும் முதலில் தோன்றுவது கன்று நடுவதுதான். ஆனால் சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இருக்கும் பிச்சாவரத்தில் மொட்டையாகிப் போன இடங்களில் வெறும் கன்று நட்டால் பிழைக்காது. அங்கே மரத்தோடு சேர்ந்து நீரோட்டமும் போய்விட்டிருந்தது.

ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றாக முழுவதும் வெட்டி விறகாக்கினார்கள். வெட்டிய இடம் தானே முளைத்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பல இடங்களில் முளைக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் இறங்கியது. சேற்றிலிருந்த ஈரம் வற்ற வற்ற மண் அமுங்கி, தரை நடுவில் பள்ளமானது.

பெரிய பள்ளமில்லை. ஆனால் இந்தக் கரையில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள வித்தியாசமே ஒரு மீட்டருக்குள்தான். அதனால் தரை கொஞ்சம் இறங்கினாலே போதும், ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் வற்றத்தில் வெளியேற முடியாமல் தேங்கிவிடும். வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு தங்கும். அடுத்த ஏற்றம் மேலும் உப்பைக் கொண்டுவரும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கோடையில் இந்தப் பள்ளங்களில் அதையும் தாண்டிவிடும். அலையாத்தி வகைகளில் ஒன்றான வெண்கண்டல் மரம் உப்பை இலை வழியே வெளியேற்றக்கூடியதுதான். ஆனாலும் மண்ணீரில் உப்பு அளவு மீறினால் வேரால் நீரை உறிஞ்சவே முடியாது. போதாததற்கு, காற்றை உள்வாங்கச் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேர்களையும் தேங்கிய நீர் மூடிவிடும்.

சரி, தீர்வு என்ன? 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து முதலில் மண்வெட்டியைத்தான் எடுத்தார்கள். கடல்நீர் ஏறி இறங்கும் இயற்கையான நீர்வழியான கழியிலிருந்து பள்ளத்துக்குள் ஒரு பெரிய கால்வாய், அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளைக் கால்வாய்கள் என்று மீன்முள் போல வெட்டினார்கள். கரை சரிந்து விழாதபடி பக்கங்களையும் சரிவாக விட்டார்கள். ஏற்றத்தில் புது நீர் உள்ளே போய், வற்றத்தில் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறியது. மண்ணின் உப்பு குறைந்த பிறகே வெண்கண்டல் கன்றுகள் நடப்பட்டன.

இந்த வரிசைதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். எத்தனை லட்சம் கன்று நட்டோம் என்று எண்ணிக்கை சொல்லும் விழாக்களில், தண்ணீர் எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும் என்று கேட்க ஆள் வேண்டும். பிச்சாவரத்தில் அதை நன்றாக அறிந்தவர்கள் கழியிலேயே வாழ்கிறவர்கள். எம்.ஜி.ஆர். நகரில் வாழும் இருளர் பழங்குடியினர் தண்ணீருக்குள் கையால் தடவியே இறால் பிடிப்பவர்கள். மீட்பு வேலைக்காகக் கிராமங்களில் மன்றங்கள் அமைக்கப்பட்டபோது அவர்களும் பங்கெடுத்தார்கள். காடு காப்பாற்றப்பட வேண்டும், ஆனால் அவர்கள் கழியில் இறங்கும் வழி அடைபடக் கூடாது. இரண்டையும் ஒன்றாகப் பேசாத திட்டம் எதுவும் அங்கே நியாயமாக இருக்காது.

2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் உயரமும் எவ்வளவு உதவின, மரங்கள் எவ்வளவு உதவின என்று ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு.

பிச்சாவரத்துக்கு 2022இல் ராம்சார் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. அப்புறமும் கால்வாய்களில் வண்டல் படியத்தான் செய்யும். தூர் வாராமல் விட்டால் நீர் மறுபடி தேங்கும், உப்பு மறுபடி ஏறும்.