நாற்பதுகளில் ஏறும் பிபியும் பிற்கால மறதியும்

நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு பிபி 150/94 என்று சொன்னால், கூட வந்தவர் முந்திக்கொள்கிறார்: "வீட்ல டென்ஷன் டாக்டர், அதான்." அடுத்த கேள்வி, "மாத்திரை ஆரம்பிச்சா விடவே முடியாதாமே?" பக்கவாதம், மாரடைப்பு என்று எச்சரித்தாலும் அசையமாட்டார்கள். அதனால் இப்போதெல்லாம் மறதி நோயைப் பற்றித்தான் முதலில் பேசுகிறேன். பல பேர் வீட்டில் மாமியாருக்கு டயப்பர் மாற்றிவிட்டு வருகிறவர்கள். அது என்னவென்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வட கலிஃபோர்னியாவில் 5,600-க்கும் அதிகமானவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. முப்பதுகளில் சரியாக இருந்த பிபி நாற்பதுகளில் ஏறிய பெண்களுக்கு, ஏறாதவர்களைவிட மறதி நோய் ஆபத்து 73 சதவீதம் அதிகம். நூற்றுக்கு 73 பேருக்கு வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆண்களிடம் இந்தத் தொடர்பு தெரியவில்லை. அதற்காக அவர்கள் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

மூளையின் ஆழத்துக்குப் போகும் ரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை. வருடக்கணக்கில் அழுத்தம் தாங்கினால் சுவர் தடித்து, உள்வழி குறுகிவிடும். வெளியே தெரியாமல் சின்னச் சின்ன அடைப்புகளும் வரும். இப்படி ரத்தக்குழாய் கெட்டு வரும் மறதி நோயில் பெயர் மறப்பதற்கு முன்பே வேலையை வரிசைப்படுத்துவது தடுமாறலாம். முப்பது வருடம் சாம்பார் வைத்தவர், புளியைக் கரைத்து வைத்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்பார்.

இன்னொன்றையும் கேட்கிறேன்: "கர்ப்பமா இருந்தப்போ பிபி ஏறிச்சா, வலிப்பு வந்துச்சா?" "ஆமா, குழந்தை பிறந்ததும் சரியாயிடுச்சே" என்பார்கள். அப்படி ஏறியவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக பிபி வரும் வாய்ப்பு கூடுதல். பிரசவத்துக்குப் பிறகு வருடம் ஒருமுறையாவது பார்க்க வேண்டியவர்கள் இவர்கள்தான்; பெரும்பாலும் குழந்தையின் தடுப்பூசிக்கு மட்டும் வந்துபோகிறார்கள்.

மாத்திரையால் பலன் உண்டா? சீனாவில் 326 கிராமங்களில் கிட்டத்தட்ட 34,000 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2025-ல் வந்தது. கிராம வைத்தியர்களே பிபியைப் பார்த்து, மருந்தைக் கூட்டிக் குறைத்துக் கவனித்த ஊர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் இருந்த ஊர்களைவிட நான்கு வருடத்தில் மறதி நோய் 15 சதவீதம் குறைவு. பெரிய ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை. நம்மூரில் 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. வாங்கி பிரிட்ஜ் மேல் வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் எரிச்சல்.

சரி, அளக்கும் விதம். படியேறி வந்த மூச்சோடு அளந்த எண்ணை நம்பாதீர்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து உட்கார்ந்து, கையை மேசைமேல் வைத்து, பிபி பட்டையை ரவிக்கைத் துணிமேல் சுற்றாமல் பார்க்கச் சொல்லுங்கள். காபி குடித்திருந்தால் அரை மணி பொறுங்கள்.

அப்புறம், தலைவலி வந்தால் மட்டும் மாத்திரை, விரதம் என்றால் லீவு என்பதெல்லாம் வேண்டாம். ஆம்லோடிபின் என்ற பிபி மாத்திரை போட்டுக் கால் வீங்கினால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கும் மாற்றலாம்.