ஐந்து நிமிடச் சோதனையும் ஐம்பது ஆண்டுச் சுமையும்

பாறைச் சோதனை அறிக்கை கைக்கு வந்ததும் பலரும் நேராகத் தேடுவது யங் குணகம், அதாவது கல் எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் எண், இருக்கும் வரியைத்தான். அதை எடுத்து அப்படியே கணக்கில் போட்டுவிடுகிறார்கள். சோதனைக் கூடத்திலேயே என் நாள்கள் கழிவதால் கேட்டுக்கொள்கிறேன்: அந்த எண்ணை நம்பும் முன் இரண்டு விஷயம் விசாரியுங்கள். கல்லின் மேல் சுமை எவ்வளவு நேரம் நின்றது? கல் ஈரமாக இருந்ததா, காய்ந்திருந்ததா?

வழக்கமான சோதனையில் சுமார் 54 மி.மீ. விட்டமுள்ள உருளை மாதிரியை எடுத்து, இரு முனைகளையும் 0.02 மி.மீ. அளவுக்குச் சமன் செய்து, பக்கவாட்டில் ஸ்ட்ரெயின் கேஜ் (உருமாற்றத்தை அளக்கும் மெல்லிய பட்டை) ஒட்டி அழுத்துவோம். ஐந்து பத்து நிமிடத்தில் மாதிரி உடைந்துவிடும். மீயொலி முறையில் அவ்வளவு நேரம்கூட ஆகாது. அலை வேகத்தையும் அடர்த்தியையும் வைத்துக் குணகத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஆனால் அந்த அலை கல்லை அசைப்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். கல்லின் தாது மணிகளுக்கு இடையில் எதுவும் வழுக்காது, வெடிப்புகளும் நகராது. அதனால் மீயொலி தரும் குணகம் அழுத்திப் பார்த்ததைவிடக் கூடுதலாகவே வரும். மென்மையான மணற்கல்லிலும் ஷேல் என்னும் களிமண் பாறையிலும் இரு மடங்குகூட வருவதுண்டு. அறிக்கையில் இரண்டுக்கும் யங் குணகத்தின் குறியீடான ‘E’ என்றே போட்டிருந்தால் குழப்பம்தான்.

அடுத்தது ஊர்வு, நாங்கள் பேச்சில் க்ரீப் என்போம். சுமையை ஏற்றி அப்படியே நிறுத்தினாலும் கல் மெல்லச் சுருங்கிக்கொண்டே போகும். முதலில் வேகமாக, பிறகு தளர்ந்து, அப்புறம் ஏறக்குறைய ஒரே சீராக. சுமை கல்லின் வலிமையை நெருங்கியிருந்தால் கடைசியில் வேகம் பிடித்து உடையும். உப்புப் பாறையில் இது வெளிப்படையாகவே தெரியும். ஷேலில் களிமண்ணும் கரிமப் பொருளும் கூடக்கூட ஊர்வும் கூடும்.

இதை அளப்பதுதான் பெரும்பாடு. ஒருமுறை ஊர்வைப் பதிவு செய்யும் எங்கள் வரைகோடு தினமும் இரவில் ஒரு பக்கம் சாய்ந்து காலையில் திரும்பியது. கல்லையே சந்தேகப்பட்டு நான்கு நாள் வீணானது. இரவில் யாரோ ஏசியை அணைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டிகிரி மாறினாலே 100 மி.மீ. எஃகு 1.2 மைக்ரோமீட்டர் நீளும். அந்தக் கல்லில் ஒரு நாளைக்கு நாங்கள் தேடிய நகர்வும் ஏறத்தாழ அவ்வளவுதான்! இப்போது வெப்பமானியின் அளவும் அதே கருவியில் பதிவாகிறது, அறையும் பூட்டியிருக்கிறது.

நீர் இன்னும் ஏமாற்றும். நுண்துளை நீர் மெல்ல வடிவதால் வரும் சுருக்கம் பார்வைக்கு ஊர்வு போலவே இருக்கும். பாதி நீளத்தில் இன்னொரு மாதிரி வைத்துப் பார்ப்பேன். வடிதல் என்றால் கால்வாசி நேரத்தில் முடிந்துவிடும், உண்மையான ஊர்வுக்கு நீளம் ஒரு பொருட்டில்லை. காய்ந்த ஷேல் ஈர ஷேலைவிட விறைப்பாகக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வட கடலின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயலில் கடல்தரை தாழ்ந்திருப்பது 1984-ல் தெரியவந்தது. 1987-ல் எண்ணெய் எடுக்கும் மேடைகளை ஏறக்குறைய ஆறு மீட்டர் உயர்த்தினார்கள். எண்ணெய் எடுக்க எடுக்கப் பாறைத் துளைகளுக்குள் இருந்த திரவ அழுத்தம் குறைந்து, அடியில் இருந்த சாக் (மென்மையான சுண்ணாம்புப் பாறை) நசுங்கியதுதான் காரணம். பின்னர் நீர் செலுத்தி அழுத்தத்தை மீட்ட பிறகும் நசுங்கல் உடனே நிற்கவில்லை. நீர் பட்டால் சாக் வலுவிழக்கும்.

ஆகவே துளையிடும் இடத்திலேயே, கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைக் கல்) வெளியே வந்த உடனே, பிளாஸ்டிக் தாளில் சுற்றி மெழுகு பூசுங்கள். எது மேல் பக்கம் என்று அம்புக்குறி போடுங்கள். படுகைக்கு, அதாவது பாறையின் அடுக்குகளுக்கு, இணையாக அழுத்தினால் ஒரு குணகமும் செங்குத்தாக அழுத்தினால் வேறு குணகமும் வரும். அந்தக் குறி இல்லாத கோரைக் கையில் வைத்துக்கொண்டு எங்களால் எதையும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.