கரண்ட் போனதும் இறங்கும் தோள்

பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற ஒருவர் போன ஆடியில் என் கிளினிக்குக்கு வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. "நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க டாக்டர். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சா அப்புறம் தூக்கமே இல்லீங்க." இசிஜி, தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. ரத்த அழுத்தம் மட்டும் 150/96. மாத்திரை எழுதிவிட்டு, "டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். இத்தனை வருடமாக இதைச் சொல்கிறேன். கேட்டு ஒருவருக்காவது டென்ஷன் குறைந்ததாக நினைவில்லை.

அடுத்த முறை வந்தபோது பேச்சுவாக்கில் அவரே சொன்னார்: "கரண்ட் போச்சுன்னா ஒரு நிமிசம் சுகமா இருக்குதுங்க. அப்பத்தான் தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறி நின்னதே தெரியுது."

மருத்துவப் புத்தகம் பல பக்கங்களில் சொல்வது அந்த இரண்டு வரியில் இருக்கிறது. நம் உத்தரவுக்குக் காத்திராமல் இதயம், குடல், ரத்தக்குழாய்களை நடத்துவது தானியங்கு நரம்பு மண்டலம். அதில் இரண்டு பிரிவு. பரிவு நரம்புகள் ஆபத்துக்கு ஆயத்தம் செய்பவை: அட்ரினலின் சுரக்கும், துடிப்பு ஏறும், தசை இறுகும். நெருக்கடி நீடித்தால் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனும் கூடும். எதிர்ப்பரிவு நரம்புகள் ஓய்வுக்கும் செரிமானத்துக்கும் உரியவை. பாம்பைக் கண்டால் ஏறுகிற துடிப்பு, பாம்பு போனதும் இறங்கிவிட வேண்டும். நூல் விலையும் கூலி பாக்கியும் அப்படிப் போவதில்லையே. தறிச் சத்தம் வேறு நாள் முழுக்கக் காதுக்குள் அடிக்கிறது.

துடிப்பை நேராகக் கட்டளையிட்டுக் குறைக்க முடியாது. ஆனால் மூச்சு தானாகவும் ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும். உள்ளே புக நமக்குள்ள வழி அதுதான். இதயத்தை அப்படியே விட்டுவிட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். ஓய்வில் அது 70-க்குப் பக்கத்தில் நிற்கிறதென்றால், மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு கடிவாளத்தைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மூச்சை இழுக்கும்போது அந்தப் பிடி கொஞ்சம் தளரும், விடும்போது இறுகும்.

இதை வாயால் சொல்லிப் பயனில்லை என்று, அவரைப் படுக்கவைத்து மறுபடி இசிஜி ஓட்டினேன். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, விடுவது இழுப்பதைவிட நீளமாக. துடிப்புகள் பதிவான காகிதப் பட்டையை அவர் கையிலேயே கொடுத்தேன். துணியின் இழையைப் பார்க்கிற மாதிரி கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இங்க நெருக்கமா இருக்குதுங்க, இங்க கலக்கமா விழுந்திருக்குது." கலக்கமான, அதாவது துடிப்புகள் இடைவெளி விட்டு விழுந்த இடமெல்லாம் மூச்சு விட்ட இடம். அந்த வயதில் வித்தியாசம் சிறிதுதான். கல்லூரிப் பையன்கள் என்றால் மணிக்கட்டில் விரல் வைத்தாலே தெரிந்துவிடும்.

எங்கள் பக்கம் தியானத்தைத் 'தவம்' என்று சொல்பவர்கள் அதிகம். ஆழியாறில் வேதாத்திரி மகரிஷி விட்டுப்போன சொல் வழக்கு. தறிக்காரரின் மனைவியும் தவம் செய்கிறவர்தான். ஆனால் இவருக்கு, "உக்காந்தா மனசு நிக்கறதில்லீங்க, நமக்கு வராது" என்று ஒரு முடிவு. தறியில் பாவு இழை (நீளவாக்கு நூல்) அறுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "முடிச்சுப் போட்டு ஓட்டறதுதானுங்க." மனம் கூலி பாக்கிக்கு ஓடினால் அதைத் திட்டாமல் மூச்சுக்குக் கொண்டுவருவதும் முடிச்சுதான். நூறு முறை அறுந்தால் நூறு முறை முடிச்சு. மனம் ஓடியதைக் கவனித்துத் திருப்புகிற அந்த வேலைதான் பயிற்சி. காலையில் காபிக்கு முன்னால் பதினைந்து நிமிடம் போதும், தறி ஓடத் தொடங்குவதற்குள்.

மூன்று வாரத்தில் தூக்கம் தேவலை என்றார். ரத்த அழுத்தம் 134/86. மாத்திரையும் சாப்பிட்டதால் எதனால் எவ்வளவு இறங்கியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். தவம் பிடித்துப்போய் அவராகவே மாத்திரையை நிறுத்தப் பார்த்தார், நல்லவேளையாக மனைவி விடவில்லை. நெஞ்சை அழுத்துகிற வலியோ திடீர்க் குளிர் வியர்வையோ வந்தால் கண்மூடி உட்காராமல் 108-ஐ அழையுங்கள்.

எல்லோருக்கும் கண்மூடுவது ஒத்துவராது. விபத்து, அடி உதை, திடீர்ச் சாவு என்று பார்த்தவர்களுக்குச் சும்மா உட்கார்ந்தாலே பயம் கிளம்பலாம். அவர்களைக் கண்ணைத் திறந்தபடி, வரப்பில் மெதுவாக நடந்து காலடியைக் கவனிக்கச் சொல்கிறேன். அப்படியும் பயம் அடங்கவில்லையென்றால் மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். அதற்கு மட்டும் "எனக்கென்ன பைத்தியமாங்க?" என்று இன்னும் சண்டைக்கு வருகிறார்கள்.