பஸாஜ் கூவேர்: ‘வளாகம்’ அல்ல, ‘நடை’

பாரிஸ் நகரின் பழைய கடைவழிகளுக்குப் பிரெஞ்சில் ‘பஸாஜ் கூவேர்’ என்று பெயர். இதைத் தமிழில் சொல்ல வரும்போது பலரும் ‘வணிக வளாகம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது பொருந்தாத சொல். வளாகம் என்றால் சுற்றி வளைத்த இடம். அதற்குள் போனால் உள்ளேயே இருப்போம். பஸாஜ் அப்படியில்லை. ஒரு தெருவில் நுழைந்து இன்னொரு தெருவில் வெளிவருகிற வழி அது. கட்டடங்களின் ஊடே போகும். மேலே கண்ணாடிக் கூரை, இரு பக்கமும் கடைகள். வண்டிக்கு இடமில்லை, நடப்பவர்களுக்கு மட்டும். பெரும்பாலும் தனியார் சொத்து என்பதால் இரவில் இரு முனையிலும் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

சொல்லின் வேரைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். லத்தீனில் ‘பஸ்ஸுஸ்’ என்றால் ஓர் எட்டு, காலடி. அதிலிருந்து பிரெஞ்சில் ‘பா’ என்ற சொல் வந்தது. அதற்கும் காலடி என்றுதான் பொருள். ‘பஸே’ என்றால் கடந்துபோவது. கடந்துபோகும் செயலும் கடந்துபோகும் வழியும் ‘பஸாஜ்’. நாம் அன்றாடம் சொல்லும் பாஸ்போர்ட், பஸ் பாஸ், பாசஞ்சர் ரயில் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள்தான். ‘கூவேர்’ என்றால் மூடிய, கூரையிட்ட என்று பொருள்.

சரி, தெரு இருக்கும்போது எதற்குத் தனியாக ஒரு வழி? 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் தெருக்களில் பெரும்பாலானவற்றுக்கு நடைபாதையே கிடையாது. சாக்கடை தெருவின் நடுவிலேயே ஓடும். குதிரை வண்டி போனால் சேறு உடுப்பில் தெறிக்கும், ஒதுங்க இடம் இருக்காது. அந்த ஊரில் கடை கடையாக நின்று பார்த்துப் பொருள் வாங்குவது லேசான காரியமில்லை. புரட்சிக்குப் பிறகு திருச்சபையிடமும் பிரபுக்களிடமும் இருந்து பறிமுதலான பெரிய மனைகள் விற்பனைக்கு வந்தன. அவற்றை வாங்கியவர்கள் நடுவே ஒரு வழியைத் திறந்து, கூரை போட்டு, இரு பக்கமும் கடை கட்டி வாடகைக்கு விட்டார்கள். மழை படாது, வண்டி வராது, தரை காய்ந்திருக்கும். பூட்ஸில் அப்பிய சேற்றைத் துடைத்து மெருகேற்றித் தரும் கடைகளும் உள்ளேயே வந்துவிட்டன.

இன்றும் இருப்பவற்றில் பழையது பஸாஜ் து கேர், அதாவது கெய்ரோ வழி. நெப்போலியனின் படை எகிப்தில் இறங்கிய அதே 1798இல் திறந்தது. முகப்பின் மேலே ஹாத்தோர் என்னும் எகிப்தியப் பெண் தெய்வத்தின் மூன்று பெரிய தலைகளை இன்றும் பார்க்கலாம். அடுத்து வந்த பஸாஜ் தெ பனோராமாவில் 1817 வாக்கில் எரிவாயு விளக்கு ஏற்றினார்கள். இருட்டிய பிறகும் கடைவீதியில் உலாவலாம் என்பது அன்றைய மக்களுக்குப் பெரிய புதுமை. வெரோ, தொதா என்ற இரண்டு இறைச்சிக்கடை முதலாளிகள் சேர்ந்து 1826இல் திறந்த வழி அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. 1847இல் முடிந்த பஸாஜ் ழூஃப்ருவா இரும்பும் கண்ணாடியுமாக எழுந்தது. தரைக்கு அடியிலிருந்தே வெப்பமூட்டினார்கள்.

இவற்றில் எனக்குப் பிடித்தது 1826இல் திறந்த கலெரி விவியென். அங்கே போகிறவர்கள் முதலில் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். இத்தாலியரான ஃபாக்கினா சின்னச் சின்னக் கற்களைப் பதித்து வட்டமும் சதுரமுமாக இழைத்த தரை அது. அப்புறம் நிமிர்ந்தால் கடைக்கு மேலே அரைவட்ட ஜன்னல்கள் வரிசையாக வரும். கீழே கடை, தலைக்கு மேலே தாழ்வான ஓர் அறை: சின்ன இடத்தில் எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் என்பது அங்கே நின்றால்தான் விளங்கும்.

‘கலெரி’ என்றால் நீளமான, கூரையிட்ட நடைகூடம். கட்டட வகையில் பஸாஜுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கொஞ்சம் ஆடம்பரமான பெயர், அவ்வளவுதான். ஆனால் ‘ஆர்கேட்’ வேறு. அதன் வேர் லத்தீனில் வில்லைக் குறிக்கும் ‘ஆர்குஸ்’. வில்போல் வளைந்த வளைவுகளின் வரிசைதான் ஆர்கேட். பாரிஸில் ரிவோலி தெருவின் ஓரமாக நெடுகப் போகும் வளைவுத் தாழ்வாரத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘ஆர்காத்’ என்பார்கள். பஸாஜ் என்று சொல்லமாட்டார்கள். லண்டனில் 1819இல் திறந்த பர்லிங்டன் ஆர்கேட் போன்றவற்றால் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயராகிவிட்டது. அந்தக் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டாம்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘நடை’ இருக்கவே இருக்கிறது. நடக்கும் செயலும் நடை. வாசலிலிருந்து வீட்டுக்குள் போகும் வழியும் நடை. காலடியிலிருந்து வழிக்கு வந்த பஸாஜின் பொருள் அப்படியே இதில் இருக்கிறது. கோயிலில் நடை திறந்தார்கள், நடை சாத்தினார்கள் என்கிறோம். இரவில் கதவடைக்கும் பஸாஜுக்கு அந்த வழக்கும் ஒத்துவரும். கடைகளைச் சுட்ட ‘அங்காடி’ என்ற பழஞ்சொல்லைச் சேர்த்தால் ‘அங்காடி நடை’. கூரையையும் சொல்லியாக வேண்டிய இடத்தில் ‘கூரையிட்ட அங்காடி நடை’ எனலாம். ‘நடைபாதைக் கடை’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது, அது தெருவோரக் கடை.

கூரையைத் தனியாகச் சொல்ல வேண்டிய இடமும் உண்டு. 1828இல் திறந்த பஸாஜ் பிராடியை 1850களில் ஸ்ட்ராஸ்பூர் பெருஞ்சாலை இரண்டாக வெட்டியது. இன்று ஒரு பாதிக்குக் கண்ணாடிக் கூரை இருக்கிறது, மறுபாதி வெட்டவெளி. பெயர் இரண்டுக்கும் பஸாஜ்தான். ‘கூவேர்’ முதல் பாதிக்கு மட்டுமே பொருந்தும். 1970களிலிருந்து இந்தியக் கடைகளும் உணவகங்களும் வந்து சேர்ந்தது அந்தக் கூரையிட்ட பாதியில்தான்.

நகரில் ஒருகாலத்தில் 150 வரை இருந்த அங்காடி நடைகளில் இன்று மிஞ்சியவை சுமார் இருபது. பாரிஸைத் திருத்தியமைக்க அமர்த்தப்பட்ட நகர நிர்வாகி ஓஸ்மான் 1853 முதல் அகலத் தெருக்களை வெட்டியபோது பல இடிபட்டன. ஒரே கூரையின்கீழ் எல்லாம் விற்கும் பேரங்காடிகள் வந்ததும் கூட்டம் அங்கே போய்விட்டது. தெருவுக்கும் நடைபாதை வந்தது.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்கலாம். பஸாஜ் பிராடி, கலெரி விவியென், நாந்த் நகரில் 1843இல் திறந்த மூன்று தளப் பஸாஜ் பொம்ரே ஆகியவை இடப்பெயர்கள். வழி கேட்பவருக்கு உதவ வேண்டும், அப்படியே இருக்கட்டும். வகையைச் சொல்லும்போது மட்டும் அங்காடி நடை என்று எழுதினால் போதும்.