காலையில் பார்த்தால் தெரியாத தொய்வு

ஒரு சித்திரை மாதம். கடலோர மாவட்டம் ஒன்றில் 110 கிலோவோல்ட் லைன் தொடர்ந்து மூன்று நாட்கள், மதியம் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் டிரிப் ஆனது, அதாவது தானாகவே துண்டித்துக்கொண்டது. கோளாறு ஏறக்குறைய எத்தனையாவது கிலோமீட்டரில் என்று லைனைக் காவல் காக்கும் ரிலே கருவி காட்டிவிடும். லைன் இன்ஸ்பெக்டரும் நானும் ஒவ்வொரு முறையும் மறுநாள் காலை ஏழு மணிக்கே போய் டவர் டவராக நடந்தோம். மின்சாரம் டவருக்கு இறங்காமல் தடுக்கும் டிஸ்க் எதுவும் உடையவில்லை. பறவைக் கூடு இல்லை. கம்பிக்குக் கீழே ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. ஆனால் மர நுனிக்கும் கம்பிக்கும் நடுவே நல்ல இடைவெளி தெரிந்தது.

"காலையில பாத்து என்ன சார் பிரயோசனம், அது டிரிப் ஆகுற நேரத்துக்கு வருவோம்" என்றார் அவர். நான்காம் நாள் மதியம் போய்த் தள்ளி நின்று பார்த்தோம். காலையில் பார்த்த அதே கம்பி ஏறக்குறைய ஓர் ஆள் உயரம் கீழே இறங்கியிருந்தது. சவுக்கின் நுனிகள் கருகிக் கிடந்தன.

மின்சாரம் ஓடினால் கம்பி சூடாகும், சூடானால் நீளும், நீண்டால் தொய்யும். நம் லைன்களில் பெரும்பாலும் இருப்பது எஃகு நரம்பைச் சுற்றி அலுமினியம் முறுக்கிய கம்பி. அளவுக்கு ஒரு விலங்கின் பெயர் வைத்திருக்கிறார்கள்: 110 கிலோவோல்ட்டுக்குப் பேந்தர், 230-க்கு ஜீப்ரா, 400-க்கு மூஸ். இந்தக் கம்பிகளைப் பல காலமாக 75 டிகிரி செல்சியஸ் வரை சூடாகலாம் என்ற கணக்கில்தான் கட்டியிருக்கிறார்கள். எவ்வளவு தொய்ந்தாலும் 110 கிலோவோல்ட் கம்பி தரையிலிருந்து 6.1 மீட்டருக்குக் கீழே வரக்கூடாது. அந்த லைன் கட்டியபோது ஊரில் ஏ.சி. இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தமிழ்நாட்டின் மின் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கம்பி மட்டும் பல ஊர்களில் அன்று இழுத்த கம்பிதான்.

ஒரு லைன் போனால் அந்த ஊர் மட்டும் இருளும் என்று நினைக்கிறோம். உண்மையில் அதன் லோடு அந்த நொடியே பக்கத்து லைன்மேல் ஏறும். அது ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அதுவும் விழும். 2003 ஆகஸ்ட் 14-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் 345 கிலோவோல்ட் லைன்கள், வெட்டாமல் விட்ட மரங்களின்மேல் இறங்கி அடுத்தடுத்து டிரிப் ஆயின. கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருளும் அன்று வேலை செய்யவில்லை. ஏறக்குறைய ஐந்து கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா அணைந்ததும் நெருக்கடியில் இருந்த லைன்களில் தொடங்கியதுதான். எந்த ஒரு லைன் போனாலும் மற்றவை தாங்க வேண்டும் என்பது திட்டமிடும் விதி. பழைய கம்பியோடு கோடைக்காலத்தில் அந்த விதியைக் காப்பாற்றுவது கடினம்.

அதே 2012-இல் தமிழ்நாட்டில் பல மணி நேர மின்வெட்டு. வெளி மாநிலங்களில் வாங்க மின்சாரம் கிடைத்தாலும் கொண்டுவரப் போதுமான பாதை இல்லை. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வந்த பிறகுதான் தென்னகம் நாட்டின் மற்றப் பகுதியோடு முழுமையாக இணைந்தது. பின்னால் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்ட (டி.சி.) லைன் வந்தது. அது 6,000 மெகாவாட் சுமக்கக்கூடியது.

அந்த லைனை எதிர்த்துக் கொங்குப் பகுதி விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் வலி நியாயமானது. காலங்காலமாக உழுத நிலத்தின் நடுவே டவர் நின்றால், இழப்பீடு வந்தாலும் நிலத்தின் மதிப்பு பழையபடி இருக்காது. மத்திய அரசின் 2024 வழிகாட்டுதலில் டவர் அடிநிலத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம் என்று உயர்த்தியிருக்கிறார்கள். நல்லது, ஆனால் தாமதம்.

அதனால்தான், புது டவர் நடுவதற்கு முன்னால் இருக்கிற டவரில் கம்பியை மாற்ற முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்று நான் வாதாடிக்கொண்டே இருக்கிறேன். அதிக வெப்பம் தாங்கி, குறைவாகத் தொய்யும் கம்பி வந்துவிட்டது. எங்களுக்குள் ஹெச்.டி.எல்.எஸ். என்போம். எஃகு நரம்புக்குப் பதிலாகக் கார்பன் நாரோ, இன்வார் என்ற கலவை உலோகமோ நடுவில் இருக்கும். 150 டிகிரிக்கு மேல் சூடானாலும் தொய்வு கட்டுக்குள் நிற்கும். அதே தடிமன், அதே டவர், அதே நிலம், ஏறக்குறைய இரு மடங்கு மின்னோட்டம். விலை பல மடங்கு என்பது உண்மை. நிறைய மின்னோட்டம் போகும்போது இழப்பும் கூடும். நீண்ட தூர லைனுக்கு இது மருந்தில்லை. நகரத்தை ஒட்டிய, இடம் கிடைக்காத குறுகிய லைன்களுக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

கம்பியை மட்டும் மாற்றிவிட்டு விழா எடுப்பதையும் பார்த்திருக்கிறேன். துணை மின் நிலையத்தில் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர், மின்னோட்டத்தை அளக்க உதவும் சி.டி., ஐசொலேட்டர் சுவிட்ச் எல்லாம் பழைய அளவிலேயே இருந்தால் இரண்டு மடங்கு கம்பியால் பயனில்லை. கம்பி இணைப்பைப் பிடித்திருக்கும் ஒரு ஜம்பர் கிளாம்ப் தளர்ந்திருந்தாலே போதும், அந்த இடம் சூடேறிவிடும். இரவு லோடில், வெப்பத்தைப் படம்பிடிக்கும் தெர்மோவிஷன் கேமராவில் அது வெள்ளைப் புள்ளியாக எரிவது தெரியும்.

இந்த வேலைக்கு லைனை நிறுத்தியே ஆக வேண்டும். ஜூன் முதல் காற்றாலை மின்சாரம் பாயும் காலம், அப்போது நிறுத்த முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்ச் முதல் பொதுத்தேர்வும் கோடையும். மிஞ்சுவது தையும் மாசியும்தான். அந்த இரண்டு மாதத்தில் உங்கள் பகுதியில் ஷட்டவுன் கூடுதலாக வந்தால், வரப்போகும் கோடைக்காகத்தான் வேலை நடக்கிறது என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

லைனுக்குக் கீழே நிலம் வைத்திருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கம்பிக்கு அடியில் கரும்புச் சோகையைக் கொளுத்தாதீர்கள். தீயின் சூடும் புகையும் ஏறினால் காற்றே மின்சாரத்தைக் கடத்தும், பெரிய லைனே டிரிப் ஆகும். சவுக்கு, தைலமரம், தென்னை வேண்டாம். ஆழ்துளைக் கிணறு போடும் லாரியின் கம்பத்தை அங்கே நிமிர்த்துவதற்கு முன் மின்வாரிய அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே உயிர் போகும்.

அந்தத் தோப்புக்காரப் பெரியவரிடம் மரத்தை வெட்டச் சொன்னபோது, "காலையில நீங்களே பாத்தீங்களே ஐயா, எவ்வளவு எடம் இருக்கு" என்றார். மதியம் அவரையும் கூட்டிப்போய்க் காட்டினேன். வெகுநேரம் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். மர மதிப்புக்கான பணம் அவர் கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, அது எனக்கு இன்றும் உறுத்தல். இப்போது அங்கே மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறார்.