கன்னத்துச் சதை குழாய்க்குள் பிழைக்கும் விதம்

"அப்பாவுக்கு 72 வயது. புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்து நாலு வருடம் ஆகிறது. இப்போது சிறுநீர் நூல் மாதிரி வருகிறது. நோய் திரும்பிவிட்டதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அதை பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு) ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நூல் போல வருவதற்கு வேறொரு காரணமும் உண்டு: வடு. புராஸ்டேட், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அதற்கு நடுவேதான் சிறுநீர்க் குழாய் இறங்குகிறது. கதிர்வீச்சு அங்குள்ள நுண்ணிய ரத்த நாளங்களை மெல்ல மெல்ல அடைத்துவிடும். ரத்தம் குறைந்த திசு நார்போல் இறுகும். சிலருக்குப் பல ஆண்டு கழித்தும் இது வரும். குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் சீரான ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். சிறுநீர்ப்பை அழுத்தித் தள்ளிச் சமாளிப்பதால் ஆரம்பத்தில் தெரியாது.

"வயசானால் அப்படித்தான்" என்று வாழைத்தண்டுச் சாறு கொடுத்து மாதங்களைக் கடத்துவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. சாறு வடுவைக் கரைக்காது.

கருவியால் விரிக்கலாம், உள்ளே கீறிவிடலாம். இரண்டிலும் மறுபடி சுருங்கும் வாய்ப்பு அதிகம். அடைப்பு குட்டையானால் வடுவை வெட்டி முனைகளைச் சேர்த்துத் தைப்பார்கள். நீளமானால் கன்னத்தின் உட்புறச் சவ்வை எடுத்து ஒட்டுவார்கள். புனேயைச் சேர்ந்த அறுவை மருத்துவர் சஞ்சய் குல்கர்னி இதில் உருவாக்கிய முறை உலகெங்கும் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

ஏன் கன்னம்? எப்போதும் ஈரத்தில் இருந்து பழகிய சவ்வு, முடி கிடையாது. வெட்டி எடுத்த துண்டுக்கு முதல் இரண்டு நாள் ரத்தமே கிடையாது. அடியில் கசியும் நீர்மத்தைப் பஞ்சுபோல் உறிஞ்சி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்புறம் அடித்திசுவின் தந்துகிகள் (மயிரிழை போன்ற ரத்த நாளங்கள்) வந்து, துண்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் தந்துகிகளோடு வாயோடு வாய் சேரும். சில நாட்களில் ரத்தம் பாயத் தொடங்கிவிடும். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, அடித்திசுவிலேயே ரத்தம் குறைவாக இருந்தால்? கதிர்வீச்சு பட்ட இடத்தில் இந்த ஒட்டு பிடிப்பது கடினமாவது அதனால்தான். ஆகவே புற்றுநோய் கண்டுபிடிக்கும்போதே குழாயும் சுருங்கியிருந்தால், அதை என்ன செய்வது என்று கதிர்வீச்சு தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வெற்றிலையோடு பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இறுகிப்போன கன்னத்துச் சவ்வு ஒட்டுக்கு உதவாது, நாக்கின் கீழ்ப்புறத்திலிருந்து எடுக்க வேண்டிவரலாம்.